எதிரி என்னும் பெயர்

பகைவனுக்குத் தமிழில் பேர்ப் பஞ்சம் இல்லை. ஒன்னார், ஒட்டார், கூடார், நள்ளார், நண்ணார், பற்றார், செற்றார், செறுநர், தெவ்வர், மாற்றார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் சூடாமணி நிகண்டை நெட்டுருப் பண்ணிய பிள்ளைகள், பூவுக்கும் யானைக்கும் உள்ள பேர்களோடு பகைவனின் பேர்களையும் சேர்த்தே ஒப்புவித்தார்கள். இந்த வரிசையில் பாதிக்கு மேல் எதிர்மறைச் சொற்கள். ஒன்றாதவர், ஒட்டாதவர், கூடாதவர், நட்புக் கொள்ளாதவர், கிட்ட வராதவர். பகைவன் கெட்டவன், கொடியவன் என்று அந்தப் பேர்கள் சொல்வதில்லை. அவனுக்கும் நமக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை, அவ்வளவுதான் செய்தி.

‘பகை’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துக்கு ஒட்டியதுதான். பகு, பகுதி, பகல், பகிர், பங்கு என்ற சொற்களோடு வைத்துப் பார்த்தால் அது பிளவு என்ற பொருளில் போய் நிற்கும். பகிர்வும் பகையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அகராதி பார்க்காத ஆளுக்கும் தெரியும். காணி பிரித்த அண்ணன் தம்பிமாருக்கு நடுவில் என்ன முளைக்கும் என்பதைப் பங்காளி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

‘எதிரி’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் இல்லாமை கிடையாது, பிளவும் கிடையாது. எதிரில் நிற்பவன் எதிரி. எதிர் என்றால் முன்னால், முகத்துக்கு நேரே. தெலுங்கில் எதுரு, கன்னடத்தில் எதிர், மலையாளத்தில் எதிர் என்று இந்தச் சொல் தென்னாடு முழுக்க இருக்கிறது. எல்லா இடத்திலும் அடிப்படைப் பொருள் முன்பக்கம்தான். விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்கிறோம். கடிதத்தை எதிர்பார்க்கிறோம். தொல்காப்பியம் வரப்போகும் காலத்தை எதிர்வு என்கிறது, நாமும் எதிர்காலம் என்கிறோம். காலமும் விருந்தும் பகைவனும் ஒரே திசையில் இருந்து வருகிறார்கள். எதிரில் வருகிறவனை வரவேற்பதா வெட்டுவதா என்பதை எதிர் என்ற சொல் தீர்மானிப்பதில்லை.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில், வாகரைப் பக்கத்துக் கசிப்பு வழக்கோ மாடு களவெடுத்த வழக்கோ அழைக்கப்படும்போது, கூண்டில் ஏறி நிற்பவர் எதிரி. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் என்றால் முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. பத்திரிகையில் ‘எதிரிக்குப் பிணை’ என்று தலைப்பு வரும். பழக்கமில்லாத வாசகர் போர்ச் செய்தி என்று நினைத்துவிடக்கூடும். அங்கே எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். அவர் குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. சாட்சி வரும், சட்டத்தரணி பேசுவார், விடுதலையும் கிடைக்கலாம். குடியியல் வழக்கு என்றால் ஒருவர் வழக்காளி, மற்றவர் எதிராளி. காணி யாருடையது என்று இருவருக்கும் தகராறு. இருவரும் ஒரே பஸ்ஸில் வாழைச்சேனைக்கு வந்து இறங்கியிருக்கவும் கூடும்.

இந்த எதிராளியைத் தமிழ் வேதாகமத்திலும் பார்க்கலாம். மலைப்பிரசங்கத்தில், மத்தேயு ஐந்தாம் அதிகாரம் 25-ஆம் வசனத்தில், வழக்குக்குப் போகிற வழியிலேயே எதிர்த்தரப்போடு சமாதானமாகிவிடச் சொல்கிறார் இயேசு. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் திருத்தி வெளியிட்ட மொழிபெயர்ப்பில், இன்றும் புரொட்டஸ்தாந்து சபைகள் கையில் வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தில், அந்த ஆளின் பேர் எதிராளி. பத்தொன்பது வசனம் தள்ளி, 44-இல், பகைவரை நேசிக்கச் சொல்லும் கட்டளை வருகிறது. அங்கே சொல் மாறிவிடுகிறது: சத்துரு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் சத்துரு போய்ப் பகைவர் வந்தார்.

மொழிபெயர்த்தவர்கள் மேல் பிழை இல்லை. கிரேக்கத்திலும் இரண்டு வேறு சொற்கள்தான். வழக்கில் எதிரே நிற்பவர் அந்திதிகோஸ். வெறுக்கப்படுகிறவர், வெறுக்கிறவர் எக்த்ரோஸ். கிரேக்கத்தைப் பார்த்துத் தமிழாக்கிய சீகன்பால்கு (அவருடைய சுவிசேஷங்கள் தரங்கம்பாடியில் அச்சேறிய ஆண்டு 1714) முதல் பபிரிசியுஸ், பவர் வரை எல்லோருக்கும் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த வேறுபாடு. ஆனால் இயேசு கிரேக்கத்தில் பிரசங்கம் பண்ணவில்லை. கலிலேயாவில் பேசப்பட்டது அரமேயம். அதன் கிளையான சுரியானி மொழியில் பழைய கீழைத் திருச்சபைகள் பாதுகாத்து வைத்திருக்கும் பெசித்தா வேதாகமத்தில், அந்த 44-ஆம் வசனத்தில் பகைவருக்கு வரும் சொல் ‘பெயெல்தெபாபா’. இந்தச் சொல்லின் பூர்வீகம் பாபிலோனிய, அசீரியக் களிமண் பலகைகளில் இருக்கிறது: பேல் தபாபி. தபாபு என்றால் பேசுதல், வழக்காடுதல். பேல் என்றால் உடையவன். வழக்குப் பேச்சை உடையவன், அதாவது நீதிமன்றத்தில் மறுபக்கம் நிற்பவன். காலப்போக்கில் அது பகைவன் என்ற பொதுப் பேராகிவிட்டது. நம்முடைய ‘வழக்கு’ம் அப்படித்தானே: பேச்சு வழக்கு என்கிறோம், காணி வழக்கு என்கிறோம். எபிரேயத்தில் சாத்தானும் சட்டச் சொல்லாக வருவதுண்டு. சங்கீதத்திலும் யோபுவிலும் அவன் குற்றஞ்சாட்டும் தரப்பு. பேதுருவின் முதல் நிருபம் பிசாசுக்கு அந்திதிகோஸ் என்றே பேர் வைக்கிறது, தமிழிலும் அந்த இடத்தில் எதிராளி என்றே நிற்கிறது.

ஆக, அந்தக் கட்டளையை முதலில் கேட்ட மீன்பிடிகாரர் காதில் விழுந்திருக்கக்கூடிய சொல், வாழைச்சேனை நீதிமன்றத்து எதிரிக்கும் போர்க்கள எதிரிக்கும் பொதுவான ஒன்று. தமிழில் அதற்கு அச்சொட்டாகப் பொருந்தக்கூடிய சொல் எதிரிதான். சத்துரு என்றதும் நமக்கு ராமாயணத்து அசுரர்களும் ராஜாக்களும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பக்கத்து வளவுக்காரர் சத்துருவாக முடியாது. அவர் அவ்வளவு பெரிய ஆள் கிடையாது. சத்துருவை நேசி என்று சொல்லிவிட்டுப் போனால், வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர் அந்தக் கட்டளையில் இருந்து சுலபமாகத் தப்பிவிடுவார். நான் அந்த மொழிபெயர்ப்பு மேசையில் இருந்திருந்தால் எதிரி என்றே போட்டிருப்பேன்.

வாகரைப் பக்கத்தில், ஏன் மட்டக்களப்பு முழுக்கவே, பகை என்ற சொல்லை வாயால் சொல்வது குறைவு. ‘அவங்களுக்கும் எங்களுக்கும் கோவம்’ என்பார்கள். இந்தக் கோவம் வந்து போகிற உணர்ச்சி கிடையாது. உறவுமுறை மாதிரி ஒரு நிலை. பத்து வருசமாகக் கோவம் என்று சொல்ல முடியும். கதைபேச்சு இல்லை, கலியாண வீட்டுக்குச் சொல்வதில்லை, சாவீட்டுக்கு மட்டும் போவது. எதிரில் வந்தால் றோட்டின் மறுகரைக்கு ஒதுங்கிப் போவது. பனிச்சங்கேணிப் பாலம் மாதிரி ஒதுங்க வழி இல்லாத இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டால், இருவரும் களப்பைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். தோணி, வலை, சேனைக்குள் இறங்கிய மாடு, இன்னார் வீட்டுப் பிள்ளை கூட்டிக்கொண்டு ஓடியது என்று காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. இந்தச் சின்னப் பகையைத்தான் பழைய ஏற்பாடும் முதலில் எடுத்துக்கொண்டது. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம், பகைவனுடைய மாடோ கழுதையோ வழி தவறி அலைவதைக் கண்டால் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிறது. மனசால் அவனை விரும்பச் சொல்லவில்லை. மாட்டைக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு அவன் வாசலுக்குப் போயாக வேண்டும், எதிரில் நின்றாக வேண்டும்.

நேசி என்பதற்கு 1871 மொழிபெயர்ப்பு கையாண்ட சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம்: சிநேகி. சிநேகம், நேசம், நேயம் மூன்றும் வேறுவேறு வழியாகத் தமிழுக்குள் வந்த ஒரே வடசொல். சமஸ்கிருதத்தில் சிநேகம் என்றால் எண்ணெய், பிசுக்கு. அதில் இருந்துதான் பற்று, பாசம் என்ற பொருள். ஒட்டார் என்று நிகண்டு சொல்லும் ஆளோடு ஒட்டச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைத்திருக்காது. எந்த மொழிபெயர்ப்பாளரும் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார், அப்படி விழுந்திருக்கிறது.

வேதாகமத்தோடு மட்டக்களப்புக்கு வந்த முதல் வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட். 1814-இல் வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். அவர் வைத்த பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1830-களில் வந்த ரால்ப் ஸ்டொட் வேடர் குடிகளைத் தேடிக் காட்டுக்குள் போனார். பின்னால் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களிடம் வேலை செய்தார். வாகரை, பால்சேனை, கதிரவெளிக் கரையோரத்தில் தமிழ் பேசிக்கொண்டு மீன்பிடித்து, சேனை செய்து வாழும் வேடரைப் பற்றி 1911-இல் செலிக்மன் தம்பதியர் தங்கள் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தக் குடிகளில் இன்று கிறிஸ்தவ சபைகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், குமார தெய்வத்துக்குச் சடங்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருப்பதும் உண்டு.

மிசனரிமார் வருவதற்கு முன் இந்த மண்ணுக்குக் கோபத்தைத் தணிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மட்டக்களப்பின் பெரிய தெய்வம் கண்ணகி. பழிவாங்கிய பெண்ணையே தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் கும்பிடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வைகாசியில் கோயில் திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, கடைசி நாளில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்த சூட்டோடு வந்தவளுக்குத் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டு சூடு இறக்கும் சடங்கு அது. அவள் செய்தது பிழை என்று ஒருவரும் சொல்வதில்லை. வழக்குரை என்ற பேரிலேயே நீதிமன்றம் இருக்கிறது: அவள் வழக்காளி, பாண்டியன் எதிராளி, சிலம்பு தடயப்பொருள். வழக்கு அவள் பக்கம் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் அடங்காமல் கிடக்கும் சூட்டைத்தான் ஊர் பொறுப்பெடுத்துக் குளிர வைக்கிறது. கொம்புமுறியும் அவளுக்காகவே. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும்; வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, ஒன்று முறியும் வரைக்கும் இழுப்பார்கள். ஒருவரை ஒருவர் வசை பாடுவார்கள், கேட்கக் கூசும் வசை. எதிர்ச்சேரிக்காரர் என்றால் மச்சானாகவும் இருப்பார். எதிரி என்ற இடத்தில் முறை வைத்து ஆளை நிறுத்தி, முறை வைத்தே இறக்கிவிடும் ஏற்பாடு இது.

போர் வந்ததும் எதிரி என்ற சொல்லுக்கு இந்த நெளிவுசுளிவு எல்லாம் போய்விட்டது. அறிக்கைகளில் எதிரி ஒருமையானான். எதிரி முன்னேறினான், எதிரி பின்வாங்கினான், எதிரிக்கு இழப்பு. ஆயிரம் பேர் உள்ள படைக்கு ஒரே ஒரு முகம், அந்த முகத்தையும் எவரும் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவன் என்று பொருள்படும் சொல் கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குப் பேரானது. 2006 நொவம்பர் 8-ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள் மேல் இராணுவத்தின் ஷெல்கள் விழுந்தன. நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருந்து வெருகல் ஆற்றைக் கடந்து ஏற்கெனவே ஓடிவந்தவர்கள் அவர்கள். ஷெல் அடித்தவன் இவர்களைப் பார்க்கவில்லை. இவர்களும் அவனைப் பார்க்கவில்லை. 2007 ஜனவரி 19-இல் வாகரையை இராணுவம் பிடித்தது. அதற்குள் ஊரில் சனமே இல்லை.

ஆனால் இந்தப் பகுதியில் எதிரியைவிடக் கடுமையான ஒரு பேர் அதற்கு முன்னமே வந்துவிட்டது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரல் 9-ஆம் திகதி வன்னியில் இருந்து வந்த அணிகள் வெருகல் ஆற்றைக் கடந்து, கருணா பக்கம் நின்ற போராளிகளைத் தாக்கின. ஒரே இயக்கம், ஒரே சீருடை, அநேகமானோர் இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள், பலர் இந்த ஊர்களின் சொந்தப் பிள்ளைகள். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு வாகரையில், எதிரி என்ற சொல் அடிபட்ட இடத்தில் துரோகி என்ற சொல் அடிபடத் தொடங்கியது. எதிரிக்குப் போர்க்கைதி என்ற நிலையாவது இருந்தது. துரோகிக்கு அதுவும் இல்லை. எதிரி முன்னால் நிற்பவன். துரோகி பக்கத்தில் நின்றவன், கூடச் சாப்பிட்டவன். நிகண்டின் ஒட்டார், கூடார் எதிலும் அவனை அடக்க முடியாது, ஏனென்றால் அவன் ஒட்டியிருந்தவன், கூடியிருந்தவன்.

சுவிசேஷத்தில் இந்தப் பேர் யூதாசுக்கு உரியது. லூக்கா சீஷர்களின் பேர்ப்பட்டியலைச் சொல்லும்போதே அவனைத் துரோகி என்று குறித்துவிடுகிறார், கதை நடப்பதற்கு எத்தனையோ அதிகாரம் முன்னால். ஆனால் கெத்செமனேயில் அவன் முத்தமிட வந்தபோது இயேசு அவனை அழைக்கும் பேர், 1871 தமிழில், சிநேகிதன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் ஹெத்தைரோஸ் என்ற சொல், தோழன், கூட்டாளி என்ற அளவில். நேசிக்கச் சொன்ன கட்டளையில் வரும் வினையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழ் வாசகருக்கு மட்டும் சத்துருவைச் சிநேகி என்ற கட்டளையும், துரோகியைச் சிநேகிதன் என்ற அழைப்பும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. மொழிபெயர்ப்பில் இழந்ததைப் பற்றி நிறைய எழுதுகிறோம், இப்படி மூலத்தில் இல்லாதது கையில் வந்து சேருவதும் உண்டு. வெருகலில் செத்த பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக ஒரு நினைவுநாள் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து, பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். தோள்பையோடு வந்த ஒருவனை உள்ளே விடாமல் வாசலில் மறித்துக் கதைத்தார் சபையைச் சேர்ந்த ஒருவர். குண்டு வெளியிலேயே வெடித்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் சிறுவர். அன்று நாடு முழுக்க இறந்தவர்கள் 250-க்கு மேல். குண்டோடு வந்தவன் சில மைல் தெற்கே உள்ள காத்தான்குடியைச் சேர்ந்தவன். அதே காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3-ஆம் திகதி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கிச் சன்னத்தின் துளைகளை இன்னமும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் யார் யாருக்கு எதிரி என்று கணக்குப் பார்க்கப் புறப்பட்டால் முடிவு கிடையாது.

குண்டு வெடித்த சில நாட்களுக்குள் சீயோன் சபையின் தலைமைப் போதகர் றொஷான் மகேசன், வந்தவனையும் அவனை அனுப்பியவர்களையும் நேசிப்பதாகவும் மன்னிப்பதாகவும் சபையின் பேரால் பகிரங்கமாகச் சொன்னார். நோவும் கோபமும் இருப்பதை அவர் மறைக்கவில்லை. மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். உலகச் செய்திகளில் இரண்டும் பெரிதாக வந்தன.

மன்னிப்பு உருதுச் சொல், தமிழன் சொல்ல வேண்டியது பொறுத்தருள்க என்று மேடையில் அடிக்கடி ஒரு பேச்சு உலாவுகிறது. உருதில் மன்னிப்புக்குள்ள சொல் மாஃபி. அது அரபியில் இருந்து வந்தது, துடைத்து அழித்தல் என்ற பொருளுடைய வேர். மன்னிப்புக்கும் மாஃபிக்கும் மகரத்தைத் தவிர வேறு ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை. நம் முஸ்லிம்கள் பேச்சில் வரும் ‘மாப்பு’தான் மாஃபியின் பிள்ளை. மன்னிப்பின் சொந்தக்காரரை அக்கம்பக்கத்தில் தேட வேண்டும்: தெலுங்கில் மன்னிஞ்சு, கன்னடத்தில் மன்னிசு. இரண்டுக்கும் மன்னித்தல் என்றும் பொருள், மதித்தல் என்றும் பொருள். மதிப்பில் இருந்து மன்னிப்புக்கு வருகிற பாதை அரண்மனை வழியாகத்தான் வரும். வணங்கி நின்றவனின் வேண்டுகோளை மதித்து, அரசன் பிழையைத் தள்ளிவிடுகிறான். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குச் செய்வது அது. அந்தச் சாயல் சொல்லை விட்டு இன்றும் போகவில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டிலும் தோற்ற இராணுவ வீரர் ஒருவரை 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விடுவித்தார். பத்திரிகைகள் அதற்கு எழுதிய சொல் பொதுமன்னிப்பு. கர்தினால் உயிர்த்த ஞாயிறன்று மன்னிப்பைப் பற்றிப் பேசியது அதற்குச் சில வாரம் கழித்து. இரண்டும் ஒரே சொல். பெற்றவர்களையும் பிள்ளைகளையும் இழந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாம் ஆள் கொடுத்ததை மன்னிப்பு என்று அழைக்க மொழி இடம் தருகிறது. அது மொழியின் பலவீனம்.

பொறு அப்படி இடம் தராது. பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறை சுமை, பொறுப்பும் சுமைதான். திருக்குறளின் பதினாறாம் அதிகாரத்துக்குப் பொறையுடைமை என்று பேர். சுமக்காத ஒருவர் பொறுத்தேன் என்று சொல்ல முடியாது, இலக்கணமே தடுத்துவிடும். ஜனாதிபதி பொதுப்பொறுத்தல் வழங்கினார் என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். பழைய கத்தோலிக்க மன்றாட்டு மாலைகளில் தேவ ஆட்டுக்குட்டியான இயேசுவை நோக்கிச் சொல்வது பொறுத்தருளும் சுவாமி என்றுதான். முஸ்லிம்களும் பிழை பொறுக்கத் தேடுதல் என்கிறார்கள். மலையாளத்தில் பொறுக்குக என்றால் மன்னிப்பதும் ஆகும், புண் ஆறுவதும் ஆகும். சபை வேறு, மதம் வேறு, மொழிகூட வேறு. இந்த வினையில் மட்டும் எல்லாரும் ஒன்று.

கிரேக்கச் சொல் இதற்கு நேர் மறுபக்கம். அஃபீயேமி: விட்டுவிடு, போகவிடு. ஆண்டவர் கற்பித்த செபத்தில் கடன்களை மன்னிக்கக் கேட்கும் இடத்தில் வருவது அதுதான். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளைக் கரையில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்று மத்தேயு சொல்லும் இடத்திலும் அதே வினை. கடன் என்பதும் அங்கே சும்மா வரவில்லை. அரமேயத்தில் ஹோபா என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும். வலைக்கும் இஞ்சினுக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கி, பிடிக்கும் மீனை எல்லாம் அவர் சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருக்கிற வாகரைத் தோணிக்காரர் ஒருவருக்கு, கடனை விடுதல் என்றால் என்ன என்று வியாக்கியானம் பண்ணத் தேவையில்லை. கடனை விடுவதால் கடன் இருக்கவில்லை என்று ஆகிவிடாது. கொடுத்தவர் அந்தத் தொகையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். அஃபீயேமியும் பொறுத்தலும் அங்கே ஒன்றாகின்றன: ஒருவர் விடுகிறார், அதே கணத்தில் சுமக்கிறார்.

சீயோன் வாசலில் வெடித்தவனைப் பொறுத்ததும் அப்படித்தான். அவன் எதிரில் இல்லை, இனி வரவும் மாட்டான். அவனுக்கு அது சேரவும் இல்லை. மிச்சம் இருப்பவர்கள் வேறு ஆட்கள். 2021 நொவம்பரில் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் தொடங்கிய வழக்கில் 25 பேர் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள், 23,270 குற்றச்சாட்டுகள். முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் வந்தும் தடுக்காமல் விட்ட மேலிடத்தார் அந்தக் கூண்டில் இல்லை. மன்னித்துவிட்டதாகச் சொன்ன அதே கர்தினால் அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர்களை விடாமல் கேட்டார்: யாருக்குத் தெரிந்திருந்தது, யார் பேசாமல் இருந்தார்கள். மன்னித்தவருக்கு இதைக் கேட்க என்ன உரிமை என்று சிலர் மடக்கப் பார்த்தார்கள். எதிராளியோடு சமாதானமாகச் சொன்ன அதே அதிகாரத்தில்தான் பகைவரை நேசிக்கவும் சொல்லியிருக்கிறது. சமாதானம் ஆவதற்கு முதலில் எதிராளி யார் என்று தெரிந்தாக வேண்டும்.

2023 ஜனவரி 12-ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களில் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் இருந்து பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும். பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு அதிகாரிகளுக்கும் தொகை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் அவர்களுக்கு எதிரி என்ற பேர் கிடையாது. பிரதிவாதி என்று பேர்: எதிர்த்துப் பேசுபவர், கிட்டத்தட்ட பாபிலோனியரின் பேல் தபாபி. பத்துக் கோடியை அவர் தவணை முறையில் கட்டினார்.